குரல் கம்மினால் சும்மா இருக்கலாமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், களப் பணியாளர்கள் சார்பில் ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



ரத்தசோகை பற்றி இந்தக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம். கர்ப்பப்பை, மார்பகப் பரிசோதனை பற்றிப் பேசியிருக்கிறோம். சர்க்கரை, பிரஷர் பற்றியும் பேசியாச்சு. இன்றைக்கு நாம் பேசப் போவது குரலைப் பற்றி.

"குரலுக்கு எதுக்கு ஒரு கூட்டம்? தொண்டை கட்டினால் மிளகுப் பால் குடிச்சாப் போச்சு" என்று பின்னால் ஓர் அம்மா சொல்வது கேட்கிறது. அந்த மிளகுப் பாலைப் பற்றியும் பேசுவோம், கொஞ்சம் பொறுங்கம்மா.

நம் உறுப்பினர்களில் பலருக்குச் சொந்தமாக நிலம் கிடையாது, கடை கிடையாது. கூடையும் குரலும்தான் முதல். பூக்காரம்மா, மீன்காரம்மா, கீரைக்காரம்மா தெருமுனையில் கொடுக்கிற சத்தம் கடைசி வீடு வரைக்கும் கேட்டால்தான் அன்றைக்கு வியாபாரம். அங்கன்வாடியில் வேலை செய்கிற சகோதரிக்கு நாள் முழுக்கப் பிள்ளைகளோடு பேச்சு. ஊக்குநர் என்றால் குழுவிலும் பேசணும், வங்கியிலும் பேசணும். கிராம சபையில் எழுந்து நின்று தண்ணீர் வரவில்லை என்று கேட்கவும் இந்தக் குரல்தான் வேணும்.

நாங்கள் குழுக்களுக்குப் போகும்போது பார்க்கிறோம். கருவாடு விற்கிற ஓர் அக்கா நாலு மாதமாகக் கரகரத்த குரலோடு கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார். சாயங்காலம் ஆனால் காத்துதான் வரும், சத்தம் வராது. கூவ முடியாததால் அவர் தெருவுக்கு வந்ததே பாதி வீட்டுக்குத் தெரியாது. கூடை பாதி நிறைந்தபடியே வீடு திரும்பும். இன்னொரு குழுவில் கணக்கை அருமையாக வைத்திருந்த ஊக்குநர், "எனக்குப் பேசவே முடியலை, வேற ஆளைப் போட்டுக்கங்க" என்று பொறுப்பை விட்டுவிட்டார்.

இந்த இரண்டு பேரும் அதுவரை தொண்டையை எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. கேட்டால், "காய்ச்சல் இல்லை, வலி இல்லை, குரல்தானே, தானா வரும்" என்றார்கள். வலி இருந்தால்தான் நோவு என்று நாம் பழகிவிட்டோம். அதனால்தான் இந்தப் பேச்சு.

நாங்கள் டாக்டர்கள் இல்லை. மருத்துவர்களிடமும் பேச்சுப் பயிற்சியாளர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

குரல் எங்கே பிறக்கிறது?

எல்லோரும் ஒரு கையை எடுத்துத் தொண்டையின் முன்பக்கம் லேசாக வையுங்க. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று சொல்லுங்க. கையில் அதிர்வு தெரிகிறதா? அந்த இடத்துக்குப் பெயர் குரல்வளை. அதற்குள்ளே இரண்டு மெல்லிய சதை மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்று சொல்வார்கள். பெண்களுக்கு அதிர்கிற பகுதி சுமார் ஒரு சென்டிமீட்டர்தான், நம் சுண்டுவிரல் நகம் அளவு.

மூச்சு விடும்போது இந்த இரண்டும் விலகி வழி விடும். பேசும்போது நெருங்கி வரும். கீழே நுரையீரலில் இருந்து வரும் காற்று அவற்றை அதிர வைக்கும். நாம் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுகிற மாதிரி அவை தட்டிக்கொள்கின்றன. ஆண்கள் பேசும்போது ஒரு விநாடிக்கு 100 முதல் 120 தடவை வரை தட்டும். பெண்களுக்குச் சுமார் 200 தடவை. நாம் "ஆ" என்று ஒரு நிமிஷம் தொடர்ந்து சத்தம் கொடுத்தால் கணக்குப் பாருங்க, 12,000 தடவை! நாண் சிறிது, தட்டுவது அதிகம். பேசிப் பிழைக்கிற வேலையில் பெண்களுக்குக் குரல் கெடுவது அதிகமாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

இப்போது மிளகுப் பாலுக்கு வருவோம். நாம் விழுங்குவது எல்லாம் உணவுக்குழாய் வழியாகப் போகிறது. குரல் நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். விழுங்கும்போது அந்த வாசல் மூடிக்கொள்ளும். மூடாவிட்டால்தான் புரை ஏறுகிறது. அதனால் மிளகுப் பாலோ, கற்பூரவல்லிச் சாறோ, பனங்கற்கண்டோ குரல் நாணைத் தொடுவதே இல்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், சளிக்கு ஆறுதலாக இருக்கும். குடிக்கலாம், தப்பில்லை. ஆனால் நாணில் வந்த கோளாறை அது ஆற்றாது.

குரல் ஏன் கெடுகிறது?

காரணம் ஒன்றல்ல, பல.

சளி, காய்ச்சலோடு வருகிற தொண்டைக்கட்டு. நாண் வீங்கி இருக்கும். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும்.

கத்திக் கத்திப் பேசுவதால் வருவது. களை எடுத்து, மண்வெட்டி பிடித்து நம் உள்ளங்கையில் காய்ப்பு காய்த்துப் போகிறதே, அதே மாதிரி குரல் நாணிலும் சின்னக் காய்ப்பு உண்டாகும். இரண்டு நாணும் இறுக மூட முடியாமல் இடைவெளி விழும். காத்து வீணாகும், குரல் கரகரக்கும். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் மாதிரி சதை வளரும்.

வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி வந்து தொண்டையை அரிப்பது. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுக்கிறோமே, அது இதற்குத் தூண்டுதல்.

விறகு அடுப்புப் புகை, பீடி சிகரெட் புகை. நாம் பிடிக்காவிட்டாலும் வீட்டுக்குள் மற்றவர் பிடித்தால் நமக்கும் சேர்த்துத்தான்.

நரம்பு பாதிப்பது. குரல் நாணை அசைக்கிற நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டிப் போகிறது. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குக் குரல் மாறுவது இதனால்தான். நெஞ்சுக்குள் கட்டி இருந்தாலும் அந்த நரம்பு அமுங்கலாம்.

காசநோய். நுரையீரலில் மட்டுமல்ல, குரல்வளையிலும் வரும்.

கடைசியாக, புற்றுநோய். இதைச் சொல்லிப் பயமுறுத்துவது நோக்கமில்லை. குரல் கம்மியவர்களில் பெரும்பாலோருக்கு இது இருக்காது. ஆனால் குரல் நாணில் புற்றுநோய் வந்தால் அதன் முதல் அடையாளமே குரல் கம்முவதுதான். அந்த ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம். ஆறு மாதம், ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம். நம் வீட்டு ஆண்களில் பீடி பிடிக்கிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்க.

பாருங்க, சளியில் இருந்து புற்றுநோய் வரைக்கும் வெளியே கேட்கிற சத்தம் ஒன்றுதான், கரகரப்பு. காதால் கேட்டு எது என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

எத்தனை நாள் பொறுக்கலாம்?

இந்த ஒரு கணக்கை மட்டும் எல்லோரும் மனசில் பதிய வையுங்க: நாலு வாரம். குரல் கம்மி நாலு வாரத்தில் சரியாகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்க் குரல் நாணைப் பார்க்கச் சொல்லணும். அமெரிக்காவில் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியில் மூன்று மாதம் வரை பார்க்கலாம் என்று இருந்தது. 2018-ல் அதைத் திருத்தி நாலு வாரமாகக் குறைத்தார்கள். தாமதம் ஆபத்து என்பதால்தான் குறைத்தார்கள்.

நாலு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு:

• கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால்
• விழுங்கச் சிரமமாக இருந்தால், விழுங்கும்போது வலி காதுவரை போனால்
• சளியில் ரத்தம் வந்தால்
• காரணமில்லாமல் உடம்பு இளைத்தால்
• பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவருக்குக் குரல் மாறினால்
• கழுத்து, நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போனால்

மூச்சு விடவே திணறினால் உடனே 108-க்குப் போன் செய்யணும். அதேபோல, திடீரென்று பேச்சு குழறி, வாய் கோணி, ஒரு கை தொங்கினால் அது தொண்டைக் கோளாறு அல்ல, பக்கவாதம். அதற்கும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் 108.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்க. இலவசம்தான்.

டாக்டர் என்ன செய்வார்?

"உள்ளே குழாய் விடுவாங்களாமே" என்று பலர் பயந்தே போவதில்லை. பயப்பட ஒன்றுமில்லை.

1854-ல் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், பல் டாக்டர் வைத்திருக்கிற சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை அதில் அடித்து, தன் குரல் நாண் அசைவதைத் தானே பார்த்தார். பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் கண்டுபிடித்த வழி அது. இன்றைக்கும் சில இடங்களில் அதே மாதிரிக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். இப்போது மெல்லிய கேமராக் குழாயும் வந்துவிட்டது. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ விட்டு, "ஈ சொல்லுங்க" என்பார்கள். மரத்துப்போகிற மருந்து போட்டுத்தான் செய்வார்கள். கொஞ்சம் குமட்டும், சில நிமிஷத்தில் முடிந்துவிடும். நம் நாண் அசைவதை டிவி பெட்டியில் நாமே பார்க்கலாம்.

உள்ளே பார்க்காமலே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது பணத்துக்கும் நஷ்டம், உடம்புக்கும் நஷ்டம். வெறும் குரல் கம்மலுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அதே 2018 வழிகாட்டி சொல்கிறது. பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்னாலும் உள்ளே பார்த்தாக வேண்டும் என்றும் சொல்கிறது. இது முக்கியம். காரணம் தெரியாமல் பயிற்சி செய்யக் கூடாது.

பேச்சுப் பயிற்சியாளர் என்ன பார்ப்பார்?

டாக்டர் பார்த்துவிட்டு, "இது பயிற்சியில் சரியாகும்" என்றால் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் அனுப்புவார். திக்குவாய்க்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் மட்டும்தான் அவர் என்று நினைத்திருப்போம். குரலும் அவர் வேலைதான்.

முதலில் நம் கதையைக் கேட்பார். என்ன வேலை, எத்தனை மணி நேரம் பேசுகிறோம், எவ்வளவு சத்தமாக, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறோம், வீட்டில் யாருக்காவது காது கேட்காதா, மனசில் பாரம் ஏதும் உண்டா என்றெல்லாம் கேட்பார். வெட்கப்படாமல் சொல்லுங்க.

பிறகு நம் குரலைக் காதால் அளப்பார். எவ்வளவு கரகரப்பு, எவ்வளவு காத்து கலந்திருக்கு, எவ்வளவு சோர்வு, எவ்வளவு இறுக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க் போடுவார். இங்கே மார்க் கூடினால் நல்லதல்ல, குறையணும்.

அடுத்து, மூச்சை நன்றாக இழுத்து "ஆ" என்று எவ்வளவு நேரம் சொல்ல முடிகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார். நல்ல நிலையில் இருக்கிற பெரியவர்கள் பெரும்பாலும் 15 விநாடிக்கு மேல் இழுப்பார்கள். 10 விநாடிக்குக் கீழே நின்றுபோனால், நாண் சரியாக மூடவில்லையோ, காத்து வீணாகிறதோ என்று யோசிப்பார். குரலைப் பதிவு செய்து கம்ப்யூட்டரிலும் பார்ப்பது உண்டு.

இன்னொன்றும் உண்டு. 1997-ல் உருவாக்கிய 30 கேள்விகள் கொண்ட ஒரு படிவம். குரலால் உங்கள் வருமானம் குறைந்ததா, கூட்டத்தில் பேசத் தயங்குகிறீர்களா, உங்கள் குரலை நினைத்து வருத்தப்படுகிறீர்களா என்கிற மாதிரி கேட்பார்கள். கருவாடு விற்கிற அக்காவை நாங்கள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது அவரிடமும் இப்படிக் கேட்டார்கள். வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "கருவாடு விற்காம திரும்பி வந்ததை யாராவது நோய்க் கணக்குல எழுதுவாங்கன்னு நான் நினைக்கவே இல்லை." அவருக்கு இரண்டு நாணிலும் காய்ப்பு இருந்தது.

பயிற்சி என்றால் என்ன?

காய்ப்புக்கு முதல் வைத்தியம் கத்தி அல்ல, பயிற்சிதான். ஆபரேஷனில் எடுத்தாலும் பழையபடி கத்தினால் மறுபடி வரும். மண்வெட்டியைத் தப்பாகப் பிடித்தால் கை மறுபடி காய்க்காதா? ஒரு பக்கச் சதை வளர்ச்சிக்குப் பலநேரம் ஆபரேஷன் தேவைப்படும். அப்போதும் கூடவே பயிற்சி உண்டு.

பயிற்சியில் மூன்று பகுதி.

முதலாவது, குரலைக் காப்பது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிப்பது. வயல் வேலையில் தண்ணீரே குடிக்காமல் இருப்பது நம் வழக்கம், அதை மாற்றணும். தொண்டையை "க்கும் க்கும்" என்று செருமக் கூடாது. ஒவ்வொரு செருமலும் நாணை அடிக்கிற அடி. செருமத் தோன்றினால் ஒரு மடக்கு தண்ணீர் விழுங்குங்க. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட அங்கிருந்தே கத்தாமல் நாலு எட்டு நடந்து போங்க. குரல் கம்மும்போது குசுகுசுவென்று பேசினால் ஓய்வு என்று நினைக்கிறோம். பலருக்கு அதுவும் சிரமம்தான். மெதுவான இயல்புக் குரலில் குறைவாகப் பேசுவதே ஓய்வு.

இரண்டாவது, மூச்சு. பேசும்போது தோளைத் தூக்கி மூச்சு வாங்காமல் வயிறு விரிய வாங்கப் பழக்குவார்கள். ஒரே மூச்சில் பத்து வார்த்தையைத் திணிக்காமல் நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்வார்கள்.

மூன்றாவது, குரலையே புதிதாகப் பழக்குவது. கழுத்துத் தசையைத் தளர்த்த நீவி விடுவார்கள். "ம்ம்ம்" என்று முனகி, அந்த அதிர்வை மூக்கிலும் உதட்டிலும் உணரச் சொல்வார்கள். பிறகு அதே அதிர்வோடு "மா, மாமா, மாமி" என்று சொல்ல வைப்பார்கள். இன்னொரு பயிற்சி நம் வீட்டுச் சாமானிலேயே நடக்கும். ஒரு டம்ளர் தண்ணீர், ஜூஸ் குடிக்கிற ஒரு ஸ்ட்ரா. ஸ்ட்ராவின் நுனியைத் தண்ணீரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முக்கி, "ஊ" என்று சத்தத்தோடு ஊதினால் குமிழி வரும். அப்போது வாய்க்குள் உண்டாகிற எதிர் அழுத்தம், நாண்கள் மோதாமல் மென்மையாக அதிர உதவுகிறது. விளையாட்டு மாதிரி தெரியும், ஆனால் பல நாட்டு மருத்துவமனைகளிலும் செய்கிற வைத்தியம் இது.

வாரம் ஒருமுறை போகணும், வீட்டில் தினமும் இரண்டு வேளை சில நிமிஷம் செய்யணும். பலருக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். "ஊசி இல்லை, மாத்திரை இல்லை, இதென்ன வைத்தியம்" என்று இரண்டாம் வாரமே நின்றுவிடுகிறார்கள். நமக்குச் சேமிப்பு தெரியாதா? வாரம் ஐம்பது ரூபாய் போடும்போது பெரிதாகத் தெரியாது. விடாமல் போட்டவருக்குத்தான் கையில் நிற்கும். குரல் பயிற்சியும் அப்படித்தான்.

அந்த அக்காவுக்கு ஸ்ட்ராவைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் செய்தார். இரண்டு மாதத்தில் சாயங்காலமும் குரல் நிற்க ஆரம்பித்தது. முழுக்க முன்போல் ஆகவில்லை, ஆனால் வியாபாரம் செய்கிற அளவுக்கு வந்துவிட்டது.

நடிப்பும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை

இரண்டு பேரைப் பற்றித் தனியாகச் சொல்லணும்.

ஒன்று, பெரிய துக்கத்துக்கோ அதிர்ச்சிக்கோ பிறகு திடீரென்று குரல் அடங்கிப்போகிற பெண். வாய் அசையும், சத்தம் வராது. ஆனால் இருமினால் சத்தம் கேட்கும். அதைப் பார்த்து "நடிக்கிறா" என்பார்கள், இல்லையென்றால் "ஏதோ பிடிச்சிருக்கு" என்று அடித்து ஓட்டப் பார்ப்பார்கள். இரண்டுமே கொடுமை. நாண் நன்றாகத்தான் இருக்கும். மனசின் பாரத்தில் அதை இயக்குகிற வழி அடைபட்டிருக்கிறது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. பேச்சுப் பயிற்சியாளர் அந்த இருமலையே பிடித்து, இருமலில் இருந்து சத்தம், சத்தத்தில் இருந்து எழுத்து, எழுத்தில் இருந்து வார்த்தை என்று குரலை மீட்டுக் கொண்டுவருவார். சிலருக்கு முதல் நாளிலேயே குரல் திரும்பும். கூடவே மனநல ஆலோசனையும் தேவைப்படும். சாமியிடம் வேண்டிக்கொள்வது உங்கள் விருப்பம். டாக்டரிடமும் கூட்டிப் போங்க, அடிக்க மட்டும் விடாதீங்க.

மற்றொன்று, மீசை முளைத்த பிறகும் குரல் உடையாமல் மெல்லிசாகவே பேசுகிற பையன். பள்ளியில் கேலி செய்து செய்து, படிப்பையே நிறுத்துகிற பிள்ளைகள் உண்டு. அந்தக் குரலால் அவன் சங்கடப்பட்டால், இதற்கும் பயிற்சி உண்டு. சில வாரத்திலேயே பலருக்குக் குரல் இறங்கிவிடும். கேலி செய்கிறவர்களைத் தடுப்பது நம் வேலை.

எங்கே போவது?

முதலில் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு. அங்கே கேட்டால் பேச்சுப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். 18 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு, 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத்தில் இருக்கிற ஆரம்ப இடையீட்டு மையத்திலும் கேட்கலாம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வருகிற டாக்டர் குழுவிடம் சொன்னாலே அனுப்பி வைப்பார்கள்.

தனியாரிடம் போனால் ஒன்றைக் கவனிக்கணும். பேச்சுப் பயிற்சியாளர் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். "உங்கள் பதிவு எண் என்னங்க?" என்று கேளுங்க. அது நம் உரிமை.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

ஒரு சகோதரி கேட்டார்: "வெற்றிலையில் புகையிலை வைச்சுப் போட்டால்தான் தொண்டை திறக்குதுங்க, அது சரியா?" இல்லைங்க. புகையிலை வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் கொண்டுவரும். அதை விட்டே ஆகணும்.

இன்னொருவர்: "மாமனாருக்குக் கை நடுக்கம் வந்ததில் இருந்து குரலும் அடங்கிப் போச்சு. வயசுதானே?" வயசு என்று விட வேண்டாம். நடுக்குவாதத்தில் குரல் சன்னமாகும். அதற்கென்றே வாரம் நாலு நாள், நாலு வாரம் என்று 16 தடவை செய்கிற தீவிரப் பயிற்சி இருக்கிறது.

மற்றொருவர்: "புற்றுநோயில் குரல்வளையை எடுத்துட்டா அவ்வளவுதானா?" அவ்வளவுதான் என்று இல்லை. சின்னக் கருவி பொருத்தி மறுபடி பேச வைக்கலாம். வெளிநாட்டுக் கருவிகள் ஆயிரக்கணக்கில் விலை. பெங்களூரைச் சேர்ந்த டாக்டர் விஷால் ராவ், சுமார் 50 ரூபாய்ச் செலவில் "ஓம்" என்ற பெயரில் அப்படி ஒரு கருவியை உருவாக்கினார்.

குழு என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் அயோவா, யூட்டா என்ற இரண்டு மாநிலங்களில் நடத்திய ஓர் ஆய்வு 2004-ல் வெளிவந்தது. வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் கோளாறு வந்தவர்கள் ஆசிரியர்களில் 100-க்கு 58 பேர். மற்ற வேலை செய்கிறவர்களில் 29 பேர்தான். தொழிலே குரலைக் கெடுக்கிறது என்பதற்கு இது சாட்சி. 2002-ல் வந்த இன்னோர் ஆய்வில், சின்ன மைக்கை உடம்பில் கட்டிக்கொண்டு ஆறு வாரம் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்குக் குரல் தேறியது. "கத்தாதீங்க" என்ற அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு அந்த அளவு தேறவில்லை. அப்படியென்றால் அறிவுரை மட்டும் போதாது, வேலை செய்கிற முறையையும் மாற்றிக் கொடுக்கணும்.

அதனால் ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இவற்றைப் பேசித் தீர்மான நோட்டில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்:

1. நாலு வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருக்கிற உறுப்பினரோ அவர் குடும்பத்தாரோ யார் யார் என்று கேட்பது.

2. அவர்களைத் தனியாக அனுப்பாமல் துணைக்கு ஒருவர் போவது. பஸ் செலவுக்குத் தேவைப்பட்டால் உள்கடன் கொடுப்பது.

3. கூவி விற்கிற உறுப்பினர் சின்ன ஸ்பீக்கர் வாங்கக் கடன் கேட்டால் அதைத் தொழில் கடனாகவே எடுத்துக்கொள்வது. காய்கறி வண்டிக்காரர்கள் குரலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓட விடுகிறார்களே, நாமும் செய்யலாம்.

4. கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாமல் இருப்பது. பத்துப் பேர் சேர்ந்து பேசினால் பத்துப் பேரும் கத்தியாகணும்.

5. குரல் சரியில்லை என்று யாரையும் பொறுப்பில் இருந்து விலக விடாமல் இருப்பது. குணமாகும் வரை பக்கத்தில் இருப்பவர் வாசிக்கட்டும், கணக்கு அவரே பார்க்கட்டும்.

ஏப்ரல் 16 உலகக் குரல் நாள். 1999-ல் பிரேசில் நாட்டில் தொடங்கி இப்போது பல நாடுகளில் கடைப்பிடிக்கிறார்கள். அடுத்த ஏப்ரலுக்கு முன் ஒவ்வொரு குழுவும் இந்தப் பட்டியலை முடித்து, கிளஸ்டர் கூட்டத்தில் கொடுங்க. பட்டியல் வந்தால், தலைமை மருத்துவமனையில் பேசி எல்லோரையும் ஒரே நாளில் கூட்டிப்போக நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

குழு ஆரம்பித்த புதிதில் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டவர்கள் நாம். இன்றைக்கு வங்கி மேனேஜரிடம் நேருக்கு நேர் பேசுகிறோம். இத்தனை வருஷம் பாடுபட்டு வெளியே வந்த குரல் இது. கம்மிப் போனால் நாலு வாரத்துக்கு மேல் பொறுக்காதீங்க.